சிமறோன் கவுண்டி: மண்ணும் மழையும் மக்களும்

உயர்தர வகுப்பிலே புவியியல் கற்பிக்கும் ஆசிரியர், மண்ணரிப்பு என்னும் பாடத்துக்கு வந்ததும், வட அமெரிக்காவிலே 'புழுதிக் கிண்ணம்' எனப் பெயர் பெற்ற பிரதேசத்தை உதாரணங் காட்டாது விடுவதில்லை. புன்னிலத்தை மக்கள் உழுதனர், மழை பொய்த்தது, மண் பறந்தது, குடிகள் கலிபோர்னியாவுக்கு ஓடினர் என நான்கு வாக்கியங்களிலே பாடம் முடிந்துவிடும். யானும் பல்லாண்டுகளாக அவ்வாறே கற்பித்து வந்தேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணாக்கனொருவன் எழுந்து, "சேர், எல்லோரும் ஓடிவிட்டார்களென்றால் இப்போது அங்கே கோதுமை விதைப்பவர்கள் யார்?" என வினவினான். தக்க விடை என்னிடம் இருக்கவில்லை. அதனைத் தேடப் புகுந்தபோது, யான் கற்பித்து வந்த நான்கு வாக்கியங்களுள் ஒன்றேனும் முற்றும் சரியானதன்று என்பதை உணர்ந்தேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

ஒரு பெரும் பிரதேசத்தைப் பொதுவாக நோக்குவதிலும், அதனுள் ஒரு சிற்றிடத்தை ஊன்றி நோக்குவது காரண காரியங்களைத் தெளிவாகக் காட்டும். ஆதலின் ஒக்லகோமா மாநிலத்தின் மேற்கெல்லையிலுள்ள சிமறோன் கவுண்டியை இங்கு எடுத்துக்கொள்வோம். கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவாகிய ஆட்சிப் பகுதி. தனக்கென நீதிமன்றமும், நிருவாக சபையும், தலைநகரும் உடையது.

நிலமும் நீரும்

ஒக்லகோமாவின் படத்தை நோக்குவோர் அது கைப்பிடியுள்ள ஒரு சட்டியைப் போன்றிருத்தலைக் காண்பர். அக்கைப்பிடியின் மேற்கு நுனியே சிமறோன் கவுண்டி. வடக்கிலே கொலராடோவும் கன்சாசும், மேற்கிலே நியூ மெக்சிக்கோவும், தெற்கிலே ரெக்சாசும் இதனைச் சூழ்ந்துள்ளன. தன் மாநிலம் நீங்கலாக வேறு நான்கு மாநிலங்களைத் தொட்டு நிற்குங் கவுண்டி ஐக்கிய அமெரிக்காவிலே இதுவொன்றே. பரப்பளவு ஏறத்தாழ 1,840 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 2,296 பேர் மட்டுமே. சதுர மைலொன்றுக்கு ஒன்றேகாற் பேர் என்னுங் கணக்கு வருகின்றது. ஒக்லகோமாவின் கவுண்டிகளுள் மிகக் குறைந்த குடித்தொகையுடையது இதுவே.

கவுண்டியின் பெரும்பகுதி பெருஞ் சமவெளியின் உயர்ந்த பாகத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான தரை. மரமென்று சொல்லத்தக்கது ஆற்றங்கரைகளிலன்றி இல்லை. வடமேற்கு மூலையில் மட்டும் நிலத்தின் தோற்றம் முற்றாக மாறுகின்றது. முற்காலத்தில் எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்குகளிலே பரவி இறுகிக் கரும்பாறையாயிற்று. சுற்றிலுமிருந்த மென்பாறை காலகதியில் அரிப்புண்டு போக, வன்பாறை மூடிய பகுதி மேசைபோல உயர்ந்து நின்றது. பிளாக் மேசா எனப்படும் இக்கருமேடு 4,973 அடி உயரமுடையது. ஒக்லகோமாவின் அதியுயர்ந்த இடம் இதுவே. இதன் அருகே கென்ரன் என்னுஞ் சிற்றூர்ப் பக்கத்தில் 1931ஆம் ஆண்டிலே தெரு வேலை செய்தோர் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்ரோவல் என்பார் அவ்விடத்தை அகழ்வித்து, தைனோசர் எனப்படும் பேருருவ ஊர்வனவற்றின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தார். கென்ரன் மக்கள் மேற்கு அயலாரோடு கொண்ட தொடர்பினால், ஒக்லகோமாவின் ஏனைய ஊர்களுக்கு ஒரு மணி நேரம் பிந்திய மலைப்பிரதேச நேரத்தையே வழக்கத்திற் கைக்கொள்கின்றனர் என்பதும் ஒரு சுவையான செய்தியாகும்.

கவுண்டிக்குப் பெயர் தந்த சிமறோன் ஆறு நியூ மெக்சிக்கோவிலே தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மணற்படுகையை மட்டுமே காணலாம். தெற்கே பீவர் ஆறும் அத்தன்மையதே. ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 20 அங்குலத்துக்குங் குறைவு. ஆயினும் இங்கு முக்கியமானது சராசரியன்று. அது ஆண்டுக்காண்டு மாறுபடுந் தன்மையே. நான்கைந்து ஆண்டுகள் நல்ல மழை பெய்யும். பின்னர் நான்கைந்து ஆண்டுகள் வானம் பொய்க்கும். நல்ல ஆண்டுகளிலே வந்து பார்த்தவன் இதனை வளமான நாடென்பான். வறண்ட ஆண்டுகளிலே வந்தவன் பாலையென்பான். இருவரும் மெய்யே சொன்னவராவர்.

இத்தகைய வானிலைக்கு இயற்கை கண்ட விடை குறும்புல். எருமைப்புல், நீலக் கிராமாப்புல் என்பன தரையோடு தாழ்ந்து வளர்ந்து, நெருங்கிய வேர்களினால் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. வறட்சியில் அவை வாடித் துயின்று, மழை கண்டதும் மீளத் துளிர்க்கும். இதனை மனத்திற் கொண்டாலன்றிப் பின் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

எவருக்கும் உரித்தற்ற நிலம்

இந்நிலத்தில் முன்னர்த் திரிந்து வாழ்ந்தோர் கொமாஞ்சி, கயோவா முதலிய குடியினர். காட்டெருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து வேட்டையாடி வாழ்ந்த இவர்களுக்கு உழவும் நிலையான ஊரும் வேண்டப்படவில்லை. 1821ஆம் ஆண்டிலே வில்லியம் பெக்னெல் என்பவர் மிசூரியிலிருந்து சந்தா பே நகரத்துக்கு வாணிகப் பாதையைத் திறந்தார். அதன் குறுக்குவழி இக்கவுண்டியினூடாகச் சென்றது. தூரங் குறைவாயினும் நீர் அரிதாதலின் அது அச்சம் மிக்க வழியாயிற்று. வண்டிக்காரர் ஊற்றுக்களின் அருகே தங்கியபோது பாறைகளிலே தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். அவற்றை இன்றுங் காணலாம். 1865ஆம் ஆண்டிலே கிற் கார்சன் என்னும் புகழ்பெற்ற எல்லைப்புற வீரர் வண்டித்தொடர்களின் காவலுக்காக இங்கு ஒரு பாசறை அமைத்தார். அது சில மாதங்களே நிலைத்தது.

அமெரிக்காவின் அடிமை வழக்கு இந்நிலத்தின் விதியை விசித்திரமான முறையிலே நிருணயித்தது. 1845ஆம் ஆண்டிலே ரெக்சாஸ் அடிமை முறையுள்ள மாநிலமாக ஐக்கியத்திற் சேர்ந்தது. 36 பாகை 30 கலை வட அகலாங்குக்கு வடக்கே அடிமை முறை இருத்தலாகாதென முன்னரே ஓர் உடன்பாடு செய்யப்பட்டிருந்தமையால், 1850இலே அக்கோட்டுக்கு வடக்கிலுள்ள நிலத்தை ரெக்சாஸ் கைவிட்டது. 1854இலே கன்சாசின் தென்னெல்லை 37ஆம் பாகையில் வகுக்கப்பட்டது. மேற்கே நியூ மெக்சிக்கோவும் கிழக்கே செரோக்கி மக்களுக்குரிய நிலமும் தத்தம் எல்லையோடு நின்றன. ஆகவே இவற்றின் நடுவே ஏறத்தாழ 167 மைல் நீளமும் 34½ மைல் அகலமுமுள்ள ஒரு துண்டு நிலம் எந்த அரசிலுஞ் சேராது எஞ்சிற்று. அங்கே நீதிமன்றமில்லை, காவலரில்லை, நிலத்துக்கு உறுதி எழுதுவாருமில்லை. மக்கள் அதனை 'எவருக்கும் உரித்தற்ற நிலம்' என அழைத்தனர்.

1870களிலே தோல் வணிகர் காட்டெருமைகளை இலட்சக்கணக்கிற் கொன்று குவித்தனர். எருமை அழிந்ததோடு அதனை நம்பியிருந்த குடிகளின் சுதந்திரமும் அழிந்தது. 1875ஆம் ஆண்டளவில் அவர்கள் ஒதுக்கிடங்களுக்குட் புகுத்தப்பட்டனர். நியூ மெக்சிக்கோவிலிருந்து ஸ்பானிய மொழி பேசும் ஆட்டிடையர் வந்து தங்கினர். பின்னர் மாட்டுப் பண்ணையாளர் வந்தனர். 1887இலே குடியேறியோர் ஒன்றுகூடி 'சிமறோன் ஆள்புலம்' என ஒரு தனியரசு அமைக்க முயன்றனர். வாசிங்ரன் அதனை ஏற்கவில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே இத்துண்டு முழுவதும் ஒக்லகோமா ஆள்புலத்தோடு ஒரே கவுண்டியாக இணைக்கப்பட்டது. 1907 நவம்பர் 16ஆந் தேதி ஒக்லகோமா மாநிலமானபோது அது மூன்றாகப் பிரிக்கப்பட, மேற்றிசைப் பாகம் சிமறோன் கவுண்டி எனப் பெயர் பெற்றது.

உழவர் வருகை

1862ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், நிலத்திலே ஐந்தாண்டு வாழ்ந்து அதனைப் பண்படுத்துவோனுக்கு 160 ஏக்கர் இலவசமாக வழங்கிற்று. மழைமிக்க கிழக்கு நாட்டிலே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. இங்கு அது போதுமா? 1878ஆம் ஆண்டிலேயே யோன் வெஸ்லி பவல் என்னும் நில ஆய்வறிஞர், வறண்ட மேற்குப் பாகத்திலே மேய்ச்சற் பண்ணையொன்றுக்கு 2,560 ஏக்கர் வேண்டுமென அறிக்கை சமர்ப்பித்தார். 100ஆம் மேற்கு நெட்டாங்கை அடுத்து மழை குறைந்துவிடுகின்றது என்பதும் அவர் காட்டிய உண்மை. சிமறோன் கவுண்டி அந்நெட்டாங்குக்கு நூறு மைலுக்கும் மேற்காக உள்ளது. பேரவை அவர் சொல்லைச் செவிமடுக்கவில்லை. 160 ஏக்கரிலே மாடு மேய்த்து வாழ முடியாதாகையால், நிலம் பெற்றவன் அதனை உழுதே ஆகவேண்டியதாயிற்று. கலப்பை இங்கு வந்தமைக்கு உழவனின் ஆசை மட்டுமன்று, அரசின் அளவுகோலும் காரணமாயிற்று என்பதை மறத்தலாகாது.

தலைநகராகிய பொய்ஸ் சிற்றியின் தோற்றமே ஒரு படிப்பினை. அதன் பெயர் பிரெஞ்சு மொழியிலே மரச்செறிவைக் குறிக்குஞ் சொல்லை ஒத்தது. 1908ஆம் ஆண்டிலே ஒரு கம்பெனியார், நிழல்தரு மரங்கள் நிரைத்த வீதிகளும் ஊற்றுநீரும் உள்ள நகரமென அழகிய பிரசுரங்களை அச்சிட்டுத் தூரதேசத்தாருக்கு வீட்டு நிலங்களை விற்றனர். வாங்கியோர் வந்து பார்த்தபோது வெறும் புல்வெளியே இருந்தது. ஏமாற்றியோர் தபால் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றனர். ஆயினும் ஏமாந்தோருட் சிலர் அங்கேயே தங்கி மெய்யாகவே ஒரு நகரத்தைக் கட்டினர்.

முதற் குடியேறியோர் நிலத்தைக் குடைந்தும், வேரோடு வெட்டிய புற்கட்டிகளை அடுக்கியும் வீடமைத்தனர். விறகில்லாமையால் உலர்ந்த சாணமே எரிபொருளாயிற்று. குடித்தொகையின் ஏற்ற இறக்கம் மழையின் ஏற்ற இறக்கத்தையும் விலையின் ஏற்ற இறக்கத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. 1910இலே 4,553 பேர். 1920இலே 3,436 பேர். 1930இலே 5,408 பேர். 1920களிலே மழை நன்றாகப் பெய்தது. புகையிரதப் பாதையும் வந்தது. அதனோடு உழவு யந்திரமும், மண்ணைத் துகளாக்கி விரைந்து உழும் வட்டுக் கலப்பையும், அறுவடை யந்திரமும் வந்தன. முதலாம் உலக மகாயுத்த காலத்திலே ஒரு புசல் கோதுமை இரண்டு டொலருக்கு மேல் விற்றது. யுத்தத்தின் பின் விலை வீழ்ந்தபோது, கடன்பட்டு யந்திரம் வாங்கிய உழவன், குறைந்த வருவாயை ஈடுசெய்யக் கூடுதலான நிலத்தை உழுதான். நகரத்திலே வாழ்ந்துகொண்டு விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்து போகும் முதலீட்டாளரும் தோன்றினர். அவர்களுக்குக் கோதுமை ஒரு பயிரன்று, ஒரு பந்தயம்.

1931இலே அமோக விளைச்சல். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தினாலே விலை புசலொன்றுக்கு 25 சத அளவுக்கு வீழ்ந்தது. விளைந்ததை விற்கவும் முடியவில்லை; அடுத்த போகத்தை விதைக்கவும் பலரிடம் பணமில்லை. உழுத நிலம் பயிரின்றி வெறுமையாய்க் கிடந்தது. அத்தருணத்திலே மழை நின்றது.

புழுதியின் ஆண்டுகள்

1932 முதலாக வறட்சி தொடர்ந்தது. மாரி கழிந்து இளவேனிலிலே வீசும் பெருங்காற்று, உலர்ந்த மேன்மண்ணை வாரியெடுத்துச் சென்றது. கதவிடுக்குகளை ஈரத்துணியால் அடைத்தும் புழுதி உட்புகுந்தது. உண்கலங்களைக் கவிழ்த்து வைத்து, உணவு பரிமாறும் வேளையிலேயே நிமிர்த்தினர். பறக்கும் மண்ணின் உராய்வினாலே மின்னேற்றம் உண்டாகி மோட்டார் வண்டிகள் இயங்காது நின்றன; அதனைத் தரைக்குக் கடத்தச் சங்கிலிகளைப் பின்னே இழுத்துச் சென்றனர். நுரையீரலிற் புழுதி படிந்து வந்த சுரத்துக்குக் குழந்தைகளும் முதியோரும் பலியாயினர். புல்லில்லாமையால், காற்றில் உருண்டோடும் முட்செடியை உப்பிட்டு மாடுகளுக்குக் கொடுத்தனர். 1934இலே அரசாங்கம் பட்டினி மாடுகளை விலைக்கு வாங்கியது. இறைச்சிக்கும் உதவாதவை சுட்டுப் புதைக்கப்பட்டன.

1935 ஏப்பிரில் 14ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை. பல வாரங்களின் பின் காலை தெளிவாக விடிந்தது. மக்கள் வீடுகளைத் திறந்து காற்றாட வெளிவந்தனர். பிற்பகலிலே வடதிசையில் மலைபோற் கருந்திரையொன்று எழுந்தது. பொய்ஸ் சிற்றிக்கு அயலிலே ஒரு மூதாட்டியின் இறுதி ஊர்வலம் அதன் நடுவே அகப்பட்டுக்கொண்டது. தம் கையைத் தாமே காணவியலாத இருள் சூழ்ந்தது. அந்நாளை 'கறுப்பு ஞாயிறு' என்பர். அன்று இக்கவுண்டியிலே புழுதியில் அகப்பட்டோருள் றொபேட் கைகர் என்னும் பத்திரிகை நிருபரும் ஒருவர். அடுத்த நாள் அவர் அனுப்பிய செய்தியிலே வந்த சொற்றொடரே 'புழுதிக் கிண்ணம்' என்னும் பெயராக உலகெங்கும் பரவிற்று.

1936 ஏப்பிரிலிலே மீள்குடியேற்ற நிருவாகத்தின் சார்பில் ஆதர் றொத்ஸ்ரைன் என்னும் இளம் புகைப்படக்காரர் இங்கு வந்தார். ஓர் உழவரும் அவருடைய இரு புதல்வரும் புழுதிக் காற்றின் எதிரே குனிந்து நடப்பதை அவர் எடுத்த படம், அமெரிக்க வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாயிற்று. எமது பாடநூல்களிற் காணப்படும் புழுதிக் கிண்ணம் பெரும்பாலும் அப்படத்தின் வழி வந்ததே.

சென்றோரும் நின்றோரும்

இனி மாணாக்கனின் வினாவுக்கு வருவோம். 1930இலே 5,408 ஆயிருந்த குடித்தொகை 1940இலே 3,654 ஆயிற்று. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. இது பேரிழப்பே. ஆயினும் எஞ்சிய இரு பங்கினை மறந்துவிடலாகாது. அவர்கள் ஏன் நின்றனர்? சிலருக்குப் போக வழியில்லை. சிலர் அரசாங்கம் கொடுத்த உதவிப் பணத்தினாலும் தெரு வேலைகளினாலும் பிழைத்தனர். வேறு பலர், அடுத்த ஆண்டு மழை வரும் என்னும் நம்பிக்கையோடிருந்தனர். அயற்கவுண்டியிலே 1908 முதல் கணவரோடு கமஞ்செய்து வந்த கரோலின் கென்டர்சன் என்னும் பட்டதாரிப் பெண்மணி, 1936இலே 'அற்லாந்திக்' சஞ்சிகையில் வெளியிட்ட கடிதங்களில் இம்மனநிலையை உள்ளிருந்து விளக்கியுள்ளார். உழைத்த நிலத்தை விட்டு அகல்வது அவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை.

யோன் ஸ்ரைன்பெக் என்பார் 1939இலே வெளியிட்ட 'த கிரேப்ஸ் ஒப் றாத்' என்னும் நாவலைப் பயின்றோர், அதன் குடும்பம் புழுதிக் கிண்ணத்திலிருந்து ஓடியதென எண்ணுவது இயல்பு. ஆனால் அக்கதைக் குடும்பத்தின் ஊர் சலிசோ. அது ஒக்லகோமாவின் கீழைக் கோடியிலே, இக்கவுண்டிக்கு நானூறு மைலுக்கு அப்பாலுள்ளது. அங்கே மக்களைத் துரத்தியது புழுதியைவிடப் பருத்தி விலையின் வீழ்ச்சியும், குத்தகைக்காரரை வெளியேற்றிய உழவு யந்திரமுமே. கலிபோர்னியா சென்ற ஒக்லகோமாவினருட் பெரும்பாலோர் இத்தகையோரே. இரு வேறு துன்பங்களை ஒன்றெனக் கருதி யானும் கற்பித்து வந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குற்றம் யாருடையது?

மண் பறந்தமைக்குக் காரணம் மனிதனா, வானமா? இவ்வினாவிலே அறிஞர் இன்னும் ஒருமைப்படவில்லை. 1936இலே அரசாங்க ஆதரவோடு வெளிவந்த 'சமவெளியை உடைத்த கலப்பை' என்னுந் திரைப்படம் உழவின்மீதே குற்றஞ் சாட்டிற்று. 1979இலே டொனால்ட் வூஸ்ரர் இச்சிமறோன் கவுண்டியையும் கன்சாசிலுள்ள ஒரு கவுண்டியையும் ஆராய்ந்து எழுதிய நூலிலே, நிலத்தை மூலதனமாக மட்டுங் கருதி இலாபத்தைத் தேடிய பொருளாதார முறையே அழிவின் வேர் என நிறுவ முற்பட்டார். அதே ஆண்டிலே போல் பொனிபீல்ட் என்பார், அங்கு வாழ்ந்த மக்களின் உழைப்பையும் அறிவையும் எடுத்துக்காட்டி, அவர்களை அறிவிலிகளெனக் கருதிய அரச திட்டங்களைக் கண்டித்தார்.

மூன்றாவதொரு சாராரும் உளர். யேம்ஸ் மாலின் என்பார், கலப்பை வருமுன்னரே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சமவெளியிலே புழுதிப் புயல்கள் வீசியமைக்குப் பழைய பத்திரிகைகளிலிருந்து சான்று காட்டினார். 2005இலே ஜெப் கன்பர் பல கவுண்டிகளின் உழவுக் கணக்குக்களைப் புழுதி வீசிய இடங்களோடு ஒப்பிட்டு, அதிகம் உழப்படாத இடங்களிலும் புழுதி எழுந்தது எனவும், மழையின்மையும் வெப்பமுமே தலையாய காரணம் எனவும் முடிவு செய்தார்.

இம்முடிபுகளை ஒன்றுக்கொன்று பகையென நோக்காது, அவை விடை கூறும் வினாக்கள் வெவ்வேறானவை எனக் கொள்வதே தகும். புழுதி ஏன் எழுந்தது என்பது ஒரு வினா. வறட்சியிலே வெறுமண் கிடந்தது என்பது அதற்கு விடை. நிலம் ஏன் வெறுமையாய்க் கிடந்தது என்பது வேறு வினா. அதற்கு விடை கலப்பையும் வீழ்ந்த விலையும். உழவன் ஏன் அவ்வளவு நிலத்தை உழுதான் என்பது மூன்றாவது வினா. கடனும், 160 ஏக்கர்ச் சட்டமும், நல்ல மழை நிலைக்குமென்ற தவறான எண்ணமும் அதற்கு விடை. வறட்சியை மனிதன் உண்டாக்கவில்லை. ஆனால் வறட்சி வரும் என்பதனை அறிந்திருந்தும் வராதென்றே கணக்கிட்டான். அதுவே அவன் செய்த பிழை.

மீட்சியும் இன்றைய நிலையும்

மண் பாதுகாப்பியக்கத்தின் தந்தையெனப் போற்றப்படும் கியூ பெனற், கிழக்கே வாசிங்ரன் வரை வந்த புழுதியையே தம் வாதத்துக்குச் சான்றாக்கினார். கறுப்பு ஞாயிறு கழிந்து இரு வாரத்துள், 1935 ஏப்பிரில் 27ஆந் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் அதற்கு முன்னரே, 1923 முதல், அயற்கவுண்டியிலுள்ள குட்வெல் ஆராய்ச்சி நிலையத்திலே பினெல் என்பார் சமவுயரக் கோட்டு உழவையும் வரம்பு கோலுதலையும் சோதித்து, விழுந்த மழையை நிலத்திலே நிறுத்தும் வழியைக் கண்டிருந்தார். அறிவு இல்லாமையன்று, அதனைக் கேட்க விலை விடாமையே குறை என்பது இதனாற் புலப்படும். அரசாங்கம் விலைக்கு வாங்கிய கெட்ட நிலங்கள் மீண்டும் புல்வெளியாக்கப்பட்டன. அவற்றின் ஒரு பகுதி, 1960 முதல், றீற்றா பிளாங்கா தேசியப் புல்வெளி என்னும் பெயரோடு இக்கவுண்டியிலும் ரெக்சாசிலும் உள்ளது.

1940களிலே மழை திரும்பிற்று. யுத்தம் கோதுமை விலையை உயர்த்திற்று. அந்நாளைய வேடிக்கையான சம்பவமொன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1943 யூலை 5ஆந் தேதி நள்ளிரவின் பின், ரெக்சாசிலுள்ள டல்கார்ட் விமானத்தளத்திலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட அமெரிக்க விமானமொன்று, பொய்ஸ் சிற்றி நீதிமன்றச் சதுக்கத்தின் விளக்குகளைத் தன் இலக்கெனப் பிழையாகக் கொண்டு ஆறு குண்டுகளை வீசிற்று. அவை பெரும்பாலும் மணல் நிரப்பிய பயிற்சிக் குண்டுகளாதலின் உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை.

1950களில் மீளவும் வறட்சி வந்தது. ஆனால் அப்போது உழவர் கையிலே வேறொரு கருவி இருந்தது. பெருஞ் சமவெளியின் எட்டு மாநிலங்களின் கீழே ஒகலாலா என்னும் தரைக்கீழ் நீர்ப்படை பரந்துள்ளது. ஆழ்துளைக் கிணறும், வலிய பம்பியும், 1952இலே பிராங் சைபாக் என்பார் காப்புரிமை பெற்ற வட்டமாய்ச் சுழலும் நீர்ப்பாசன யந்திரமும் அந்நீரைத் தரைக்குக் கொணர்ந்தன. வானத்திலிருந்து நோக்குவோர்க்கு வறண்ட தரையிலே பச்சை வட்டங்கள் இன்று தென்படுவதற்கு இதுவே காரணம். சோளமும் கோதுமையும் விளைகின்றன. மாட்டுப் பண்ணைகள் பெருகியுள்ளன.

ஆனால் அந்நீர் ஆற்றுநீரன்று. மிகப் பழைய காலத்திலே சேர்ந்து, மழையினால் மிக மெதுவாகவே நிரம்பும் சேமிப்பு அது. எடுப்பது மிகுதியும் இடுவது குறைவுமாதலின் பல இடங்களிலே நீர்மட்டம் தாழ்ந்து செல்கின்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எளிதில் அரிப்புறும் நிலத்தை உழாது புல்லுக்கு விடுவோருக்கு அரசாங்கம் வாடகை கொடுக்கின்றது. அதனாற் பல்லாயிரம் ஏக்கர் மீண்டும் பசும்புல் போர்த்துள்ளது. 2011இலே தொடங்கிய கடும் வறட்சியிலும் 1930களின் பேரழிவு மீண்டும் நேராமைக்கு இப்புல்லும், அறுத்த தாளை நிலத்திலேயே விடும் புதிய உழவு முறையும் பெரிதுங் காரணமாயின. குடித்தொகையோ 1950இன் பின் குறைந்தே வருகின்றது. இன்று மக்களை அங்கிருந்து அகற்றுவது புழுதியன்று. ஒருவர் ஆயிரக்கணக்கான ஏக்கரை உழத்தக்க பெரும் யந்திரமும், பிள்ளைகளுக்கு நகரம் காட்டும் வேலை வாய்ப்புமே.

பவல் சொன்ன 2,560 ஏக்கர் அளவினை ஒத்த, அதனினும் பெரிய பண்ணைகளே இன்று அங்கு நிலைத்துள்ளன. ஒரு நல்லறிஞன் காகிதத்திலே கண்ட உண்மையை, மூன்று தலைமுறையினர் தம் வாழ்நாளைக் கொடுத்துக் கற்கவேண்டியதாயிற்று. இப்போது அவர்கள் முன்னுள்ள கணக்கு நீரின் கணக்கு. 1920களின் உழவன் நல்ல மழையை நிலையான வருமானமென நம்பினான். இன்றைய உழவன் நிலத்தடி நீரை அவ்வாறு நம்புவானாயின், அன்று கலப்பையினால் நிகழ்ந்தது நாளை பம்பியினால் நிகழும்.

இப்போது யான் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது நான்கு வாக்கியங்களோடு நிறுத்துவதில்லை. பரீட்சை வினாத்தாளிலே "புழுதிக் கிண்ணத்துக்குக் காரணம் யாது?" என ஒருமையிற் கேட்கப்பட்டாலும், காரணங்களைப் பன்மையிலே எழுதும்படி மாணாக்கருக்குச் சொல்கின்றேன். அங்கு கோதுமை விதைப்போர் யாரென வினவிய மாணாக்கனுக்கும் விடை கிடைத்துவிட்டது. நின்றவர்களும், நின்றவர்களின் பிள்ளைகளும், அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கியோருமே இன்று அங்கு கோதுமை விதைக்கின்றனர்.